காற்றுக்கு அகலமான வழி: பழைய சர்வரை அமைதியான மேசைக் கணினியாக்குதல்

கழித்துவிடப்பட்ட ரேக் சர்வர் (ரேக் என்ற இரும்புச் சட்டத்தில் அடுக்கி வைக்கும் தட்டையான கணினி) ஒன்றை வாங்கி வந்து, செட்டிநாட்டு வீட்டின் வளவில் (முற்றத்தைச் சுற்றிய உட்பகுதி) வைத்து முதன்முறையாக மின்சாரம் கொடுப்பவர், பொத்தானை அழுத்திய சில நொடிகளிலேயே பதறி அணைத்துவிடுவதுண்டு. இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்றே அவருக்குத் தோன்றும். கோளாறு ஒன்றுமில்லை. மின்சாரம் வந்தவுடன் எல்லா ஃபேன்களையும் முழு வேகத்தில் சுழலவிட்டு, வெப்பநிலையை அளந்து பார்த்த பிறகே வேகத்தைக் குறைப்பது சர்வர்களின் வழக்கம். ஆனால் குறைத்த பின்னும் மிஞ்சும் இரைச்சல், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்ய விடாது. நாகசுரம் கோயில் வீதிக்கென அமைந்த கருவி. அதைப் படுக்கையறையில் வாசித்தால் கருவியைக் குறை சொல்ல முடியாது. சர்வரின் நிலையும் அதுதான். மனிதர் உட்காராத, குளிரூட்டிய அறைக்கென்று கணக்கிட்டுச் செய்த பொருள் அது.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் ஃபேன்களை மட்டும் கழற்றி மாற்றுகிறவர்கள் சில வாரங்களில் மதர்போர்டையே இழந்துவிடுவது உண்டு. ஆகவே முதலில் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம்.

ரேக்கில் ஓர் அலகின் உயரம் 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். ஓரலகு சர்வருக்குள் நிற்கக்கூடிய ஃபேனின் விட்டம் ஆகவே 40 மில்லிமீட்டரைத் தாண்ட முடியாது. அவ்வளவு சிறிய ஃபேன், சூட்டை வாங்கி வெளிவிடும் அடர்த்தியான உலோகத் தகடுகளான ஹீட் சிங்குகளின் இடுக்குகள் வழியே காற்றைத் தள்ள வேண்டுமானால் நிமிடத்துக்கு 10,000 முதல் 20,000 சுற்றுகள் வரை சுழல வேண்டியிருக்கிறது. ஒரே வடிவமுள்ள ஃபேன்களில் காற்றின் அளவு விட்டத்தின் முப்படிக்கும் வேகத்துக்கும் ஏற்ப உயரும். ஆனால் அதே ஃபேனின் வேகத்தைக் கூட்டும்போது ஒலியாற்றல் வேகத்தின் ஐந்தாம் படியை ஒட்டி உயர்ந்துவிடும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றும் பாதியாகக் குறையும். ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகப் படும் என்பதை நினைவில் கொண்டால், ஃபேனைப் பெரிதாக்கி மெதுவாகச் சுழலவிடுவதைப் போன்ற ஆதாயம் வேறு எந்த வேலையிலும் இல்லை என்பது விளங்கும். நுரைப் பஞ்சை ஒட்டுவதும் பெட்டிக்கு மேல் பெட்டி மூடுவதும் இதன் கால் தூசுக்குப் பெறா.

அளவைப் போலவே சுருதியும் முக்கியம். ஐந்து இறக்கை கொண்ட சிறு ஃபேன் நிமிடத்துக்கு 15,000 முறை சுழன்றால், இறக்கைகள் நொடிக்கு 1,250 முறை காற்றை வெட்டுகின்றன. அதன் மேல்சுரங்கள் 2,500, 3,750 ஹெர்ட்ஸ் என்று, மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் பகுதியிலேயே போய் விழுகின்றன. ஏழு இறக்கையுள்ள 140 மி.மீ. ஃபேன் 800 சுற்றில் ஓடும்போது பிறப்பதோ 93 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த முனகல். கூடத்தில் மின்விசிறி ஓடினால் அது காதில் விழவே விழாது.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தக் கீச்சொலி மற்ற இடங்களைவிடக் கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல், சலவைக்கல், பர்மாத் தேக்குக் கதவு என்று எல்லாமே கெட்டியான, வழவழப்பான பரப்புகள். உயர்ந்த சுருதி எதிலும் உறிஞ்சப்படாமல் சுவருக்குச் சுவர் தெறித்துக்கொண்டிருக்கும். திரைச்சீலையும் மெத்தையும் நிறைந்த சிறிய நகரத்து அறையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய கணினி, முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை திறந்து கிடக்கும் வீட்டில் வளவு முழுவதும் கேட்கும்.

ஆனால் இதே வீடுதான் தீர்வையும் காட்டி நிற்கிறது. தெருவாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் தெரியும்படி நிலைகளை ஒரே நேர்கோட்டில் வைத்து, நடுவே வானம் பார்த்த முற்றத்தை விட்டுக் கட்டிய வீடு, விசிறியில்லாத காலத்தில் காற்றை ஓசையின்றி நடத்தியது. முன்னே குளிர்ந்த காற்று நுழைந்து, பின்னே சூடான காற்று வெளியேறுவது என்பது சர்வரின் அமைப்பும்தான். வேறுபாடு வழியின் அகலத்தில் இருக்கிறது. சர்வரை மேசைக் கணினியாக்குவது என்பது முன்னும் பின்னுமான அந்தப் போக்கை விடாமல், வழியை மட்டும் அகலப்படுத்தும் வேலை. 250 வாட் வெப்பத்தை, காற்றின் சூடு 10 பாகைக்கு மேல் ஏறாதபடி வெளியேற்ற நொடிக்கு ஏறத்தாழ 22 லிட்டர் காற்று போதும். 140 மி.மீ. ஃபேன் ஒன்று 800 சுற்றிலேயே, தடையில்லாத வெளியில், கிட்டத்தட்ட அவ்வளவு காற்றைத் தரும். வலையும் வடிகட்டியும் வழிமறிப்பதால் அதில் குறையும் பங்கை ஈடுகட்ட இரண்டோ மூன்றோ வைத்தால் கணக்கு நேராகிவிடும்.

இந்த வேலை யாருக்குத் தேவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கடிதம் தட்டச்சு செய்யவும் கணக்கு எழுதவும் இணையம் பார்க்கவும் இது வேண்டாம். புதிய சிறு கணினி ஒன்று அதைவிட வேகமாக, அதைவிடக் குறைந்த மின்சாரத்தில் அவற்றைச் செய்யும். பழைய சர்வரின் பலம் கோர்களின் (சிப்புக்குள் தனித்தனியே கணிக்கும் பகுதிகள்) எண்ணிக்கையிலும் ராம் என்ற தற்காலிக நினைவகத்தின் அளவிலும் இருக்கிறது. 2016-இல் வந்த இன்டெல் ஜியான் இ5-2680 வி4 சிப்பில் 14 கோர்கள், 28 திரெட்கள் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைச் சரடுகள்), நான்கு வழி டி.டி.ஆர்.4 வகை நினைவகம், கூடுதல் அட்டைகளுக்கான 40 பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தடங்கள் உள்ளன. வெப்ப வரம்பு 120 வாட். அதன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் என்பதால் ஒற்றைக் கோரில் நடக்கும் வேலையில் இன்றைய நடுத்தரக் கணினியிடமே அது தோற்கும். ஆனால் கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ உள்ள ஒரு வீட்டை ஆயிரக்கணக்கான நிழற்படங்களாக எடுத்து, அவற்றைப் பொருத்தி முப்பரிமாண மாதிரி செய்ய முனைகிறவருக்கு 32 ஜி.பி. ராம் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும், 128 ஜி.பி. இருந்தால் வேலை மெதுவாகவேனும் முடியும். மூலக்கூறு, மின்வேதியியல் கணிப்புகளைச் செய்யும் ஆய்வு மாணவர்களுக்கும் இது பொருந்தும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவரும் காரைக்குடியில் அத்தகையோருக்குக் குறைவில்லை.

நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் உத்தரவாதக் காலம் முடிந்ததும் சர்வர்களை மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் உதிரி உதிரியாக விலைக்கு வருகிறது. சர்வர்களில் உள்ள ரெஜிஸ்டர்டு வகை ராம் சாதாரண மேசைக் கணினியில் வேலை செய்யாது. அதனால் அதைக் கேட்பவர் குறைவு, பழைய சந்தையில் வழக்கமாக அது மலிவாகவும் கிடைக்கும். அந்த ராமை எடுத்துக்கொள்ளும் போர்டு நம்மிடம் இருக்கிறது என்பதே இந்த முயற்சியின் பொருளாதாரம்.

பழையதை வாங்கி வேறோர் இடத்தில் பொருத்தும் கலை காரைக்குடிக்குப் புதிதன்று. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில், இடிக்கப்பட்ட வீட்டின் தேக்குத் தூணை வாங்குகிறவர் அதன் அழகைப் பார்ப்பதற்கு முன் உயரத்தையும் அடிக்கல்லின் அளவையும் நாடா வைத்து அளப்பார். சர்வர் பாகங்களிலும் அளவுதான் முதலில் வரவேண்டும். கடையில் கிடைக்கும் கேபினெட்டுகள் பெரும்பாலும் 305 × 244 மி.மீ. அளவுள்ள ஏ.டி.எக்ஸ். போர்டுக்கானவை. இரண்டு புராசசர் கொண்ட சர்வர் போர்டுகளில் பல 305 × 330 மி.மீ. அளவுடையவை, அவற்றுக்கு அகன்ற கேபினெட் வேண்டும். பெரிய நிறுவனங்களின் ரேக் சர்வர் போர்டுகளோ எந்தப் பொது அளவிலும் அடங்காமல், திருகுத் துளையும் மின்னிணைப்பும் தனக்கேயுரிய முறையில் அமைந்தவை. அவற்றை வேறு கேபினெட்டுக்குள் நுழைக்க முயல்வது வீண். பொது அளவில் செய்யப்பட்ட ஒற்றைப் புராசசர் சர்வர் போர்டைத் தேடி வாங்குவதே என் பரிந்துரை. இரண்டாவது புராசசர், மேசை வேலையில் மின்சாரத்தைக் கூட்டும் அளவுக்கு வேகத்தைக் கூட்டுவதில்லை.

அளக்க வேண்டிய இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. இந்த ஜியான் புராசசர் அமரும் எல்.ஜி.ஏ. 2011-3 சாக்கெட்டில், அதைக் குளிர்விக்கும் கூலரைப் பூட்டும் துளைகள் இரண்டு விதம்: சதுர வகையில் இடைவெளி 80 × 80 மி.மீ., குறுகிய வகையில் 56 × 94 மி.மீ. சர்வர் போர்டுகளில் குறுகிய வகை மிகுதி. கடையில் கிடைக்கும் மேசைக் கணினிக் கூலர்களோ சதுர வகைக்கே பொருந்தும். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் செய்த டி.எக்ஸ். வரிசைக் கூலர்கள் போன்ற சிலவே இரண்டுக்கும் பூட்டு தருகின்றன. 120 மி.மீ. ஃபேன் கொண்ட கோபுர வகைக் கூலரின் உயரம் பெரும்பாலும் 160 மி.மீ.-க்கு அருகில் இருக்கும் என்பதால் கேபினெட்டின் உள் அகலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதைப் பூட்டிய நிலையிலேயே கணினியைப் பார்சல் லாரியில் அனுப்பினால் போர்டு வளைந்து போகும். கூலரைக் கழற்றித் தனியாகத்தான் அனுப்ப வேண்டும்.

இனி, கவனக்குறைவால் போர்டுகள் வீணாகும் இடம். சர்வரின் சிறு ஃபேன்கள் புராசசரை மட்டும் குளிர்விப்பதில்லை. முன்னிருந்து பின்னே போர்டு முழுவதையும் தழுவிப் போகும் அந்தப் புயலை நம்பியே ராம் வரிசைகள், புராசசருக்கு மின்னழுத்தம் சீராக்கும் பாகங்கள், சிப்செட், வட்டுக் கட்டுப்பாட்டு அட்டை, அதிவேக நெட்வொர்க் அட்டை எல்லாம் ஃபேன் இல்லாத சிறு ஹீட் சிங்குகளோடு விடப்பட்டிருக்கின்றன. கோபுரக் கூலரை வைத்ததும் புராசசர் 55 பாகையில் நிம்மதியாக இருப்பதாகத் திரை காட்டும். அதே வேளையில், யாரும் பார்க்காத மூலையில் வட்டுக் கட்டுப்பாட்டு அட்டை தொட முடியாத சூட்டில் வெந்துகொண்டிருக்கும். புயலை நிறுத்தினால் அது தந்துவந்த காற்றை ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே திருப்பித் தர வேண்டும். அட்டைகளுக்கு நேராக 120 மி.மீ. ஃபேன் ஒன்றை 600 அல்லது 700 சுற்றில் மெதுவாக ஓடவிட்டாலே பெரும்பாலும் போதும். மின்னழுத்தப் பாகங்களுக்குக் காற்று கிடைக்கும்படி கூலரின் திசையை முன்பின்னாக அமைப்பதும் பயன் தரும். தேவையில்லாத வட்டுக் கட்டுப்பாட்டு அட்டையையும் நெட்வொர்க் அட்டையையும் கழற்றிவிடுவது எல்லாவற்றையும்விட எளிது, மின்சாரமும் மிஞ்சும்.

ஃபேன்களை மாற்றிய பிறகு விசித்திரமான ஒரு தொல்லை வரக்கூடும். கணினி சில நொடிகள் அமைதியாக இருக்கும், திடீரென்று எல்லா ஃபேன்களும் சீறும், மீண்டும் அடங்கும், மீண்டும் சீறும். எனக்கு இது வந்தபோது ஃபேன்தான் பழுது என்று எண்ணி இரண்டு நாளை வீணாக்கினேன். காரணம் போர்டில் தனியாக இயங்கும் பி.எம்.சி. என்ற கண்காணிப்புச் சிப். சர்வர் ஃபேன் ஒருபோதும் நிமிடத்துக்கு 400 சுற்றில் ஓடாது என்ற எண்ணத்தில் அதற்குக் கீழ்வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் பெரிய ஃபேன் மெதுவாகும்போது, அது செத்துவிட்டதாகக் கருதும் பி.எம்.சி. மற்ற எல்லாவற்றையும் முழு வேகத்துக்கு விரட்டுகிறது. வேகம் ஏறியதும் ஃபேன் பிழைத்துவிட்டதாக முடிவு செய்து விட்டுவிடுகிறது. லினக்ஸில் ஐபிஎம்ஐடூல் என்ற கருவியால் அந்தக் கீழ்வரம்புகளை 100, 200, 300 என்று இறக்கி எழுதினால் தொல்லை நின்றுவிடும்; சில நிறுவனப் போர்டுகள் மட்டும் இதற்கு இடம் தருவதில்லை. பி.எம்.சி.யைப் பற்றி இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முன்னாள் உரிமையாளர் வைத்த கடவுச்சொல் அதில் அப்படியே இருக்கலாம், பழைய மென்பொருளில் அறியப்பட்ட ஓட்டைகளும் உள்ளன. ஆகவே அதை ஆலையிலிருந்து வந்தபோதிருந்த தொடக்க நிலைக்குத் திருப்பி, அதற்கென்ற நெட்வொர்க் துளையை இணைய ரவுட்டரில் செருகாமல் விட்டுவிடுவது உத்தமம்.

பவர் சப்ளையைப் பொறுத்தவரை சர்வரோடு வரும் செருகு வகையை விட்டுவிட வேண்டும். அதனுள்ளும் 40 மி.மீ. ஃபேன்தான் அலறுகிறது. 120 மி.மீ. ஃபேன் உள்ள நல்ல ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளை போதும், புராசசருக்கான எட்டு முனை இணைப்பு எத்தனை வேண்டுமென்று மட்டும் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் நம் ஊர் வீடுகளில் மின்வெட்டுக்கென வைத்திருக்கும் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (சதுர அலை) வகையாக இருந்தால், ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்னோட்டத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள பவர் சப்ளை அதில் நிற்காமல் அணைந்துபோகலாம். சைன் வேவ் வகையே வேண்டும். அதையும் விரைவாக மாறும் யு.பி.எஸ். நிலையில் வைக்க வேண்டும், ஏனெனில் மின்சாரம் மாறும் இடைவெளியைப் பவர் சப்ளை தாங்குவது ஏறத்தாழ 16 மில்லிநொடிதான்.

சர்வர் போர்டில் உள்ள திரை இணைப்பு, நிர்வாகிக்கு எழுத்துகளைக் காட்டும் அளவுக்கே உதவும். தனி கிராபிக்ஸ் அட்டை கட்டாயம். அதுவும் வேலை குறைந்தபோது ஃபேனை நிறுத்திக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். டெஸ்லா பி40 போன்ற டேட்டா சென்டர் அட்டைகள் மலிவாகத் தெரிந்தாலும், அவற்றில் திரைக்கான துளையும் இல்லை, ஃபேனும் இல்லை. ஒலிக்கான துளை பல போர்டுகளில் கிடையாது, யு.எஸ்.பி. ஒலிக்கருவி அதைச் சரிசெய்யும். கணினி எழுந்து வர ஓரிரு நிமிடம் ஆகும், ஏனெனில் ராம் முழுவதையும் அது சோதிக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைப் புராசசர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. லினக்ஸுக்கு மாற மனமில்லாதவர் இந்த வேலையில் இறங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கட்டும்.

மின்கட்டணக் கணக்கும் உண்டு. சும்மா இருக்கும்போதே 70 வாட் இழுக்கும் கணினி நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் 42 யூனிட் ஆகும். வீட்டிணைப்புக்கு 2025 நிலவரப்படி இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதுவே தின்றுவிடும்.

இவ்வளவையும் படித்தவர், வேறு வழி இல்லையா என்று கேட்கலாம். இரண்டு வழிகள் உண்டு. இதே ஜியான் புராசசரையும் இதே வகை ராமையும் ஏற்றுக்கொண்டு, மேசையடியில் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட ஹெச்.பி. இசட்440, டெல் பிரிசிஷன் டி5810 போன்ற ஒர்க்ஸ்டேஷன்கள் பழைய விலையில் கிடைக்குமானால், ரேக் சர்வரைத் தொடவே வேண்டாம். அகலமான வழியை அவற்றை வடிவமைத்தவர்களே போட்டு வைத்திருக்கிறார்கள். மற்றொரு வழி, தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும் வீட்டை உடையவர்களுக்கு மட்டும் வாய்ப்பது. சர்வரை மாற்றாமல் பின்கட்டுச் சாமான் அறையில் விட்டு, நெட்வொர்க் கேபிள் ஒன்றை முகப்பு வரை இழுத்து, சிறிய கணினியிலிருந்து அதைத் திரைவழியே இயக்கலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் அவ்வளவு குறையாவிட்டாலும், நடுவில் நிற்கும் தடித்த சுவர்கள் மீதியைச் செய்யும். ஆனால் சன்னல் அடைத்த சாமான் அறையில் சூடு எங்கே போகும் என்பதை முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சூடு என்பது இங்கே வெறும் பேச்சன்று. டேட்டா சென்டருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 பாகை வரை இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைக்கிறது. சித்திரை, வைகாசியில் காரைக்குடி வீட்டின் உள்ளறையே பிற்பகலில் 35 பாகையைத் தாண்டும். மார்கழியில் 500 சுற்றில் அமைதியாக ஓடும் அமைப்பு, மே மாதத்தில் 800 சுற்று கேட்கும். ஆகவே ஃபேன் வேகத்தின் படிகளை நல்ல வெயில் நாளில், கணினிக்கு முழு வேலை கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். செம்மண் தூசியும் வழியை மெல்ல அடைக்கும் என்பதால் முன்வலையை மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். பின்பக்கத்தில் வெற்றாக இருக்கும் அட்டைத் துளைகளுக்குத் தகடு போட்டு மூடாவிட்டால், மழைக்காலத்தில் பல்லி ஒன்று வெதுவெதுப்பான இடம் தேடி உள்ளே குடியேறும்.

ஃபேன்கள் அடங்கிய பிறகு, அதுவரை கேட்காதிருந்த ஒரு மெல்லிய உறுமல் கேட்கத் தொடங்கும். அது 7,200 சுற்று வட்டின் 120 ஹெர்ட்ஸ் அதிர்வு. பழைய தேக்கு மேசை அதை வாங்கித் தம்பூராக் குடம்போல் பெருக்கிக் காட்டும். வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் அது அடியோடு போகும். படங்களைச் சேமிக்கப் பெரிய வட்டு வேண்டும் என்பவர், கேபினெட்டை மேசையிலிருந்து இறக்கித் தரையில், இரண்டு மடிப்புத் தென்னைநார் மிதியடியின் மேல் வைத்துப் பார்க்கலாம்.